லூஸில் பால் அம்மையார்

ராஜ்யங்களை ஆண்டவர்களுடைய சரித்திரங்களையும், சிறை சென்றவர்களுடைய சரித்திரங்களையும் வாசித்துப் பழகிய நேயர்களுக்கு, ஜனங்களைச் சிரிக்க வைத்த ஒரு ஸ்திரீயின் வாழ்க்கை அற்பமான விஷயமாகத் தோன்றக்கூடும். பகலெல்லாம் உழைத்து வீடு திரும்பிய மனிதன், பாதரக்ஷையைக் கழற்றி வைத்துவிட்டு, மனைவி மக்களோடு உட்கார்ந்து அரை மணி நேரம் வாய்விட்டுச் சிரிக்கிறான். கடன்காரனையும் மேலதிகாரியையும் அந்த அரை மணி நேரம் அவன் மறந்திருக்கிறான். ஏழைக்கும் எட்டக்கூடிய சுகங்களில் இதைவிட மேலானவை அதிகம் இல்லை. அந்தச் சுகத்தை உண்டாக்குகிறவர் யார், அதற்காக அவர் கொடுத்த விலை என்ன, அதன் பலன் கடைசியில் யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள் அற்பமானவையல்ல. அமெரிக்காவில் டெலிவிஷன் என்னும் சாதனம் தலையெடுத்த காலத்தில், இக் கேள்விகள் அனைத்தும் ஒரே ஸ்திரீயின் வாழ்க்கையில் வந்து கூடின.

நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஜேம்ஸ்டவுன் என்னும் சிறு பட்டணத்தில் 1911ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி லூஸில் பால் பிறந்தார். தந்தையார் டெலிபோன் கம்பி கட்டும் தொழிலாளி. வேலையை நாடி ஊர் ஊராகச் சென்ற அவர், 1915ல் மிச்சிகன் மாகாணத்தில் விஷ ஜுரம் கண்டு இறந்தார். குழந்தைக்கு அப்போது வயது மூன்றரை. தாயார் கர்ப்பவதியாயிருந்தார். தாய்வழிப் பாட்டனார் அக் குடும்பத்தை ஆதரித்தார். பாட்டனார் தொழிற்சாலையில் உழைத்தவர். யூஜீன் டெப்ஸ் என்னும் அமெரிக்க அபேதவாதத் தலைவரிடம் பக்தி கொண்டவர். தொழிலாளிக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்று வீட்டிலும் வெளியிலும் ஓயாது பேசியவர். ஓய்வு நாட்களில் பேரக் குழந்தைகளை ஊரிலிருந்த நாடகக் கொட்டகைக்கு அழைத்துச் சென்று, விகடக்காரர்களின் ஆட்டபாட்டங்களைக் காண்பித்தவரும் அவரே. கிழவருடைய இவ்விரண்டு பற்றுக்களும் பேத்தியின் வாழ்க்கையில் பிற்காலத்தில் வெவ்வேறு விதமாகப் பலன் கொடுத்தன.

1927ல் அக் குடும்பத்தின் மேல் இடி விழுந்தது. வீட்டின் பின்புறத்தில் சிறுவர்கள் பாட்டனாரின் மேற்பார்வையில் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடப் பழகிக்கொண்டிருந்தபோது, அண்டை வீட்டுப் பையன் ஒருவன் குறுக்கே வந்து குண்டடிபட்டு முடமானான். வழக்கு நடந்தது, பாட்டனார் தோற்றார். அவர் ஆயுள் முழுதும் சேர்த்த பொருளும், அக் குடும்பம் குடியிருந்த வீடும் போயின. அப் பெண், தன் வீடு கைமாறுவதைக் கண்ணால் பார்த்தாள். பிற்காலத்தில் அம்மையார் பணத்திலும் பத்திரத்திலும் காட்டிய கண்டிப்பைக் கண்டு ஆச்சரியப்பட்டவர்கள் பலர். இந்தச் சம்பவத்தை அறிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியமில்லை.

நடிப்புக் கற்க வேண்டுமென்று நியூயார்க் நகரத்தில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். பெட் டேவிஸ் அங்கே பிரகாசித்துக்கொண்டிருந்த காலம் அது. லூஸிலோ வாயைத் திறக்கவும் பயந்து ஒடுங்கி நின்றார். இப் பெண்ணுக்குச் சாமர்த்தியம் போதாது என்று ஆசிரியர்கள் தாயாருக்குத் தெரிவித்துவிட்டார்கள். பின்னர் ஹாட்டி கார்னெகி என்னும் உடை வியாபாரியிடம், சீமாட்டிகளுக்குப் புது உடைகளை அணிந்து காட்டும் வேலையில் அமர்ந்தார். கால்களில் கடும் நோய் கண்டு நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். தேறி எழுந்து மறுபடியும் அதே நகரத்துக்கு வந்தார். 1933ல் எட்டி காண்டர் நடித்த ஒரு படத்தில் கும்பலோடு நிற்கும் அழகிகளில் ஒருத்தியாக ஹாலிவுட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதன்பின் ஏறக்குறையப் பதினைந்து வருஷ காலம் அவர் ஸினிமாவில் உழைத்தார். ஆர்.கே.ஓ. கம்பெனியில் வாரச் சம்பளத்துக்கு இருந்து, கொடுத்த வேஷத்தையெல்லாம் போட்டார். செலவு குறைந்த இரண்டாந்தரப் படங்களின் ராணி என்று அவரைப் பரிகாசமாகச் சொல்வார்கள். எம்.ஜி.எம். கம்பெனியார் அவருடைய பழுப்புக் கூந்தலுக்குச் செஞ்சாயம் ஏற்றினார்கள். சாயம் நிலைத்தது, பிரதான ஸ்தானம் கிட்டவில்லை. அங்கே பேசாப் படக் காலத்து மகா விகடரான பஸ்டர் கீட்டன், தம் புகழெல்லாம் மங்கி, ஒரு மூலையில் சொற்பச் சம்பளத்துக்கு இருந்தார். நாற்காலி, தொப்பி, தட்டு முதலிய ஜடப் பொருள்களைக் கொண்டு சிரிப்பை எழுப்பும் வித்தையை அவர் லூஸிலுக்குச் சொல்லிக் கொடுத்தார். கைவிடப்பட்ட குருவும், கவனிக்கப்படாத மாணவியும் கூடிய அந்தச் சேர்க்கையினால் உலகம் அடைந்த லாபம் பெரிது.

1940ல் ஒரு படத்தில் நடிக்கும்போது டெஸி ஆர்னாஸ் என்பவரைச் சந்தித்தார். அவர் கியூபா தேசத்தவர். அம்மையாரைவிட ஆறு வயது இளையவர். அவருடைய தந்தையார் சாந்தியாகோ நகரத்தின் மேயராக இருந்தவர். 1933ல் நடந்த புரட்சியில் தந்தையார் சிறைப்பட்டார், சொத்தெல்லாம் பறிபோயிற்று. அகதியாக மையாமி நகரம் வந்து சேர்ந்த டெஸி, பறவைக் கூண்டுகளைச் சுத்தம் செய்து வயிறு வளர்த்தார். பிறகு பாட்டுப் பாடி, கொங்கா மத்தளம் கொட்டிப் பிரசித்தியடைந்தார். வீட்டை இழந்த இருவரும் அவ்வருஷம் நவம்பர் 30ந் தேதி விவாகம் செய்துகொண்டார்கள். ஆனால் புருஷன் தம் வாத்திய கோஷ்டியுடன் ஊர் ஊராகச் சுற்றினார். மனைவி படக் கொட்டகையில் காலை முதல் இரவு வரை உழைத்தார். பிரிவும் சந்தேகமும் சண்டையும் வளர்ந்தன. டெஸியின் குடியும் பரஸ்திரீ சகவாசமும் ஊரறிந்தவை. 1944ல் அம்மையார் விவாகரத்துக்கே மனுச் செய்து, மனம் மாறித் திரும்ப ஏற்றுக்கொண்டார். குழந்தை வேண்டுமென்ற ஆசையும் பல வருஷங்கள் ஈடேறவில்லை. அவர் அக் காலத்தில் விரும்பியது கீர்த்தியன்று. சாயங்காலத்தில் புருஷன் வீட்டிலிருக்க வேண்டும், அவ்வளவே.

1948 முதல் கொலம்பியா ரேடியோ ஸ்தாபனத்தில் அவர் ஒரு குடும்ப ஹாஸ்யத் தொடரில் பேசி வந்தார். எதிரே ஜனங்கள் உட்கார்ந்து சிரிக்கும்போதுதான் தம் திறமை மலர்வதை அங்கே கண்டுகொண்டார். டெலிவிஷன் வளர்ந்து வரவே, அதே கதையை அதில் நடத்தித் தர வேண்டுமென்று அந்த ஸ்தாபனத்தார் கேட்டனர். புருஷன் வேஷத்துக்கு டெஸியையே போடுவதானால் சம்மதம் என்றார் அம்மையார். அவர்கள் மறுத்தார்கள். உச்சரிப்புக் கொச்சையான கியூபாக்காரனுக்கு அமெரிக்கப் பெண் மனைவியாயிருப்பதை ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்பது அவர்களுடைய வாதம். அந்தப் பெண் அந்த மனிதருக்கு உண்மையாகவே மனைவியாகப் பத்து வருஷம் வாழ்ந்தாயிற்று என்பது அந்தப் புத்திசாலிகளின் கண்ணில் படவில்லை! தம்பதிகள் வீண் தர்க்கத்தில் இறங்கவில்லை. 1950ல் நாடக மேடைகளில் இருவருமாகச் சேர்ந்து நடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்றார்கள்; ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். ஜனங்களின் பெயரைச் சொல்லி மறுத்தவர்களுக்கு ஜனங்களைக் கொண்டே பதில் சொன்னது நேர்த்தியான யுக்தி. தங்கள் இருவர் பெயரையும் இணைத்து தெஸிலு என்ற கம்பெனியையும் ஆரம்பித்தார்கள்.

அடுத்த தகராறு இன்னும் பெரியது. அக் காலத்தில் டெலிவிஷன் நாடகங்கள் பெரும்பாலும் நியூயார்க்கில் நடிக்கப்பட்டு, நடக்கும்போதே ஒலிபரப்பாகி, அத்துடன் மறையும். பிற இடங்களுக்கு அனுப்ப வேண்டுமானால், டெலிவிஷன் திரையையே காமிராவால் படம் பிடித்து அனுப்புவார்கள், அது மங்கலாயிருக்கும். தம்பதிகள் ஹாலிவுட்டை விட்டுப் போக மறுத்தனர். மங்கல் படத்தைக் கிழக்குப் பிரதேசத்து ஜனங்களுக்குக் காட்ட, விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியார் இசையவில்லை. அப்படியானால் ஸினிமாவைப் போலவே நல்ல பிலிமில் எடுப்போம் என்றார்கள் தம்பதிகள். செலவு அதிகமாயிற்று. அதை ஈடு செய்யச் சம்பளத்தில் வாரத்துக்கு 1,000 டாலர் குறைத்துக்கொள்ள இசைந்தார்கள். அதற்குப் பிரதியாக ஒன்று கேட்டார்கள்: எடுக்கும் பிலிம் தங்களுக்கே சொந்தமாக வேண்டும். ஒரு முறை காட்டிய ஹாஸ்யத்தை மறுமுறை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணி, ஸ்தாபனத்தார் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டனர். தொழிலாளி தன் உழைப்பின் பலனைத் தானே வைத்துக்கொள்ள வேண்டுமென்று ஓயாது பேசிய பாட்டனாரின் பேத்தி அல்லவா!

அந்த ஒரு ஷரத்தினால் ஒரு கலையே பிழைத்தது. ஜெர்மனியில் மெட்ரோபாலிஸ் என்ற பிரசித்தமான படத்துக்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் பிராயிண்ட் அழைக்கப்பட்டார். மூன்று காமிராக்கள் ஏககாலத்தில் சுழல, எதிரே இருந்த ஜனங்கள் சிரிக்கச் சிரிக்க நாடகத்தை முழுதும் பிலிமில் பிடிக்கும் முறையை அவர் ஒழுங்குபடுத்தினார். அம் முறையே பின்வந்த எத்தனையோ ஹாஸ்யத் தொடர்களுக்கு வழிகாட்டியாயிற்று. அக் காலத்து மற்ற நாடகங்களில் பெரும்பாலானவை காற்றோடு போயின. அம்மையாருடைய நாடகம் மட்டும் எடுத்த அன்று இருந்தபடியே தெளிவாயிருக்கிறது.

1951ம் வருஷம் அக்டோபர் 15ந் தேதி திங்கட்கிழமை இரவு 9 மணிக்கு முதல் நாடகம் வெளியாயிற்று. தொடரின் பெயர் 'ஐ லவ் லூஸி.' கதையில் மகத்தான விஷயம் ஒன்றும் இல்லை. நியூயார்க்கில் வாடகை வீட்டில் ஒரு வாத்தியக்காரரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். கீழ்க்கட்டில் வீட்டுக்காரத் தம்பதிகள். அவர்களே உற்ற சிநேகிதர்கள். வில்லியம் ப்ராலியும் விவியன் வான்ஸும் அவ்வேஷங்களைத் தாங்கினர். லூஸிக்குப் புதுத் தொப்பி வேண்டும்; வீட்டுச் செலவுக் கணக்கு இடிக்கும். பழைய துணி வெளுக்கும் இயந்திரத்தைச் சிநேகிதருக்கு விற்பார்கள், அது கெடும், சிநேகிதமும் கெடும். ரொட்டி சுடப் போய், அது அடுப்பின் வாயைத் தள்ளிக்கொண்டு ஆள் நீளத்துக்கு வெளியே வரும். ஒரு நாடகத்தில் இரு பெண்களும் மிட்டாய்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறார்கள். ஓடும் வாரின் மேல் வரும் மிட்டாய்களைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். வார் வேகமாக ஓடுகிறது. சுற்ற முடியாதவற்றை வாயிலும் தொப்பியிலும் ரவிக்கையிலும் திணிக்கிறார்கள். மேற்பார்வைக்காரி வந்து பார்த்து, வேலை ஒழுங்காக நடப்பதாக நினைத்து, இன்னும் வேகமாக ஓட்டச் சொல்கிறாள். யந்திரத்தின் வேகத்தைக் கூட்டித் தொழிலாளியைக் கசக்கும் கொடுமையைப்பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். 1952ல் வெளியான இந்தச் சில நிமிஷக் காட்சியைப் போல் அதை மனத்தில் பதிய வைத்த பிரசங்கம் நாம் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. மனைவியைப் புருஷன் குழந்தையை அடிப்பதுபோல் மடியில் போட்டு அடிக்கும் காட்சிகள் சிலவற்றில் வருகின்றன. அவற்றைப் பார்த்துச் சிரிக்க நம்மால் முடியவில்லை. சிகரெட் விற்பதற்காக நடத்தப்பட்ட நாடகம் அது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆரம்பத்தில் தம்பதிகளைப் போன்ற சித்திரப் பொம்மைகள் சிகரெட் பெட்டியின் மேல் ஏறி விளையாடும். பிற்காலத்தில் அதை நீக்கி, பட்டுத் துணியின்மேல் இருதய வடிவத்தைப் போட்டார்கள். அந்த இருதயத்தையே ஜனங்கள் இன்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

1952 ஏப்ரல் மாதத்துக்குள் ஒரு கோடி வீடுகளில் இந் நாடகத்தைப் பார்த்தார்கள்; அதற்குமுன் எந்த நிகழ்ச்சிக்கும் அந்தத் தொகை எட்டவில்லை. சிக்காகோவில் மார்ஷல் பீல்ட் என்னும் பெரிய ஜவுளி மாளிகை, திங்கட்கிழமை இரவு வியாபாரத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. அம்மையார் மறுபடியும் கர்ப்பமானபோது, அதையே கதையிலும் சேர்த்தார்கள். கர்ப்பம் என்ற வார்த்தையைக்கூட உச்சரிக்க ஸ்தாபனத்தார் அனுமதிக்கவில்லை. கத்தோலிக்கப் பாதிரியார், பிராட்டஸ்டண்ட் பாதிரியார், யூத குரு ஆகிய மூவரும் கதையைப் படித்து ஆட்சேபமில்லையென்று சொல்ல வேண்டியிருந்தது. 1953 ஜனவரி 19ந் தேதி கதையில் குழந்தை பிறந்தது. அதே நாளில் அம்மையாருக்கும் ஆண் குழந்தை பிறந்தது. அன்றிரவு சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐஸன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதை டெலிவிஷனில் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான்.

அவ்வருஷமே பாட்டனாரின் மற்றொரு பற்று அவரைத் தேடி வந்தது. 1936ல் அக் கிழவரைத் திருப்தி செய்வதற்காகக் குடும்பத்தார் கம்யூனிஸ்டுக் கட்சிக்கு வோட்டளிப்பவர்கள் என்று ஜாபிதாவில் பதிந்துகொண்டிருந்தனர். அம்மையாரும் அவ்வாறே செய்திருந்தார். அமெரிக்காவில் கம்யூனிஸ்டு வேட்டை உச்சத்திலிருந்த 1953 செப்டம்பரில், காங்கிரஸ் விசாரணைக் கமிட்டியின் அதிகாரி அவரை விசாரித்தார். இரண்டு நாட்களில் வால்டர் வின்செல் ரேடியோவில் விஷயத்தை ஜாடையாகக் கக்கினார். பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. தாம் கட்சியில் சேர்ந்ததேயில்லை, கிழவரின் மனம் நோகாமலிருக்கவே பதிந்தேன் என்று அம்மையார் சொன்ன சமாதானத்தைக் கமிட்டி ஏற்றுக்கொண்டது. அவ்வாரம் நாடகம் பிடிக்கும் முன்னர் டெஸி கூடியிருந்த ஜனங்களிடம் நேரில் பேசினார். மனைவியிடம் சிவப்பாயிருப்பது கூந்தல் ஒன்றே என்றும், அதுவும் சாயமே என்றும் அவர் வேடிக்கையாகச் சொல்லவும், ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆபத்து நீங்கிற்று.

பாட்டனாரைக் காட்டிக் கொடுக்காமல், தம்மையும் காத்துக்கொண்ட அம்மையாரின் சாதுரியத்தை மெச்சுகிறோம். ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு முன்தான் சிகரெட் கம்பெனி இரண்டரை வருஷத்துக்கு 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. அத்தனை பணத்தை வீணாக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. அதே தொழிலில், 'கோல்ட்பெர்க்ஸ்' என்னும் குடும்ப ஹாஸ்யத்தில் தகப்பனாக நடித்த பிலிப் லோப் என்ற நல்ல நடிகர் இருந்தார். 1950ல் ஒரு பிரசுரத்தில் அவர் பெயர் வந்தது ஒன்றே காரணமாக வேலையிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்காக நாலு கோடி ஜனங்கள் கைதட்டவில்லை. 1955ல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

தெஸிலு கம்பெனி செழித்தது. ஆறு வருஷத்தில் 180 நாடகங்கள் எடுத்தபின், 1957ல் அத் தொடரை நிறுத்தினார்கள். அம்மையார் ஒரு காலத்தில் வாரச் சம்பளத்துக்கு இருந்த ஆர்.கே.ஓ. கம்பெனியின் படக் கொட்டகைகளையே சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். அதற்குப் பணம் வேண்டி, பழைய நாடகங்களின் உரிமையைக் கொலம்பியா ஸ்தாபனத்துக்கே விற்றார்கள். வீம்பாகக் கேட்டு வாங்கிய பிலிம், கொடுத்தவர்களிடமே திரும்பிப் போயிற்று. அதைத் திரும்பத் திரும்பக் காட்டி அந்த ஸ்தாபனத்தார் பல தலைமுறை லாபமடைந்தார்கள். வியாபாரக் கண்ணால் பார்த்தால் இது அம்மையார் செய்த பெரும் பிசகு.

வீட்டு விஷயமோ திருந்தவில்லை. புருஷனைச் சாயங்காலத்தில் வீட்டிலிருக்கச் செய்வதற்காக உண்டாக்கிய தொழில், இருவரையும் விடியுமுன்பே வீட்டிலிருந்து பிடித்திழுக்கும் தொழிலாயிற்று. கோடிக்கணக்கான வீடுகளில் புருஷனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து இவர்களுடைய கற்பனைக் குடும்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர்கள் வீட்டிலோ பேச்சு வார்த்தையே நின்று வந்தது. டெஸியின் குடி மிகுந்தது. 1960 மார்ச் 2ந் தேதி இருவரும் சேர்ந்து கடைசி நாடகத்தை நடித்தார்கள். மறுநாளே அம்மையார் விவாகரத்து மனுவைத் தாக்கல் செய்தார்.

1961ல் காரி மார்டன் என்ற விகடரை மறுமணம் செய்துகொண்டார். 1962ல் டெஸியின் பங்கையும் விலைக்கு வாங்கி, தெஸிலு கம்பெனிக்குத் தாமே தலைவரானார். ஹாலிவுட்டின் பெரிய கம்பெனி ஒன்றுக்கு ஒரு ஸ்திரீ தலைவியாக இருந்தது அதுவே முதல் தடவை. 'ஸ்டார் டிரெக்' முதலிய பிரசித்தமான தொடர்கள் அவர் நிர்வாகத்தில்தான் பிறந்தன. 1967ல் கம்பெனியை ஒரு கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றார். 1974 வரையில் வேறு பெயர்களோடு அதே லூஸியாக நடித்துக்கொண்டிருந்தார். 1986ல், 75 வயதில், மறுபடியும் ஒரு தொடர் ஆரம்பித்தார். எட்டு நாடகங்களோடு அதை நிறுத்திவிட்டார்கள். ஜனங்கள் பழைய லூஸியை மறக்கவில்லை. மறக்காததனாலேயே புதிய லூஸியை ஏற்கவில்லை போலும். அவ்வருஷம் டிஸம்பர் 2ந் தேதி டெஸி புற்றுநோயால் இறந்தார். ஐந்து நாட்களுக்குப் பின் வாஷிங்டனில் கென்னடி மண்டபத்துக் கௌரவம் அம்மையாருக்கு அளிக்கப்பட்டது. முன்னாள் புருஷர் இறக்குமுன் எழுதி வைத்த பாராட்டுரை சபையில் வாசிக்கப்பட, அவர் கண்ணீரை அடக்கிக்கொண்டு கேட்டிருந்தார்.

1989 ஏப்ரல் 26ந் தேதி, இருதய சிகிச்சை நடந்த சில நாட்களுக்குப் பின், லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் அம்மையார் காலமானார். வயது 77. அவர் வளர்ந்த ஸெலரான் கிராமத்தில் 2009ல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். முகம் பயங்கரமாயிருக்கிறதென்று ஜனங்கள் ஓயாது முறையிட்டதன்மேல், 2016ல் அவர் பிறந்த நாளன்று வேறு சிலை வைத்தார்கள். சிரிக்க வைத்தவருக்குப் பார்த்தவர் பயப்படும்படியான சிலை! இதைக் கண்டால் அவரே முதலில் சிரித்திருப்பார். ஹாலிவுட்டில் அடக்கமாயிருந்த அவருடைய அஸ்தியை, மகளும் மகனும் 2002ல் எடுத்து வந்து, ஜேம்ஸ்டவுனில் குடும்பத்தார் உறங்கும் மயானத்தில் சேர்த்தார்கள். வீட்டை இழந்து அவ்வூரை விட்டுக் கிளம்பிய பெண், எழுபது வருஷங்களுக்கு மேல் சென்றபின், அங்கே திரும்பி வந்து சேர்ந்தார்.